சின்னவனிடம் எந்தத் தமிழில் பேசுவது?

பெரியவளுக்குப் பத்து வயது, தொடக்கநிலை நான்கு. தமிழ் அவளுக்கு நன்றாகவே புரியும். தமிழில் கேட்டால் பதில் சரியாக வரும், ஆனால் ஆங்கிலத்தில் வரும். பாட்டியிடம் மட்டும் கொஞ்சம் இறங்கிவந்து, "பாட்டி, கேன் ஐ ஹேவ் ஒன் மோர் அப்பளம்?" என்பாள். சின்னவனுக்கு மூன்றரை. அவன் இன்னும் தமிழில்தான் அடம்பிடிக்கிறான், தூக்கத்தில் உளறுவதும் தமிழில்தான். ஜனவரியில் பாலர் பள்ளி. நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஒரு ராத்திரி மனைவி பின்னால் வந்து நின்று, "இவனையும் அப்படியே விட்டுடப் போறோமாங்க?" என்று கேட்டாள். பெரியவளை விட்ட மாதிரி என்று அர்த்தம். அவள் விஷயத்தில் நாங்கள் எதையும் யோசித்ததே இல்லை. வேலை, வீடு, அம்மாவின் முழங்கால் ஆபரேஷன் என்று ஓடிய ஓட்டத்தில் வாயில் வந்ததைப் பேசினோம், அவ்வளவுதான்.

இந்த முறை யோசிப்பது என்று உட்கார்ந்தோம். நான் சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவன், மனைவி கும்பகோணத்துக்காரி, ஈசூன் வட்டாரத்தில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீடு, பக்கத்து புளோக்கிலேயே என் அப்பா அம்மா. எங்களைப் போன்ற வீட்டில் ஒரு சின்னப் பிள்ளையிடம் எப்படிப் பேசலாம் என்று பார்த்தபோது நான்கு வழி தெரிந்தது: ஆங்கிலமே கலக்காத தமிழ், வாயில் வருகிறபடி கலந்த தமிழ், அப்பா ஒரு மொழி அம்மா ஒரு மொழி, சில இடத்திலும் நேரத்திலும் மட்டும் தமிழ். நான்கையும் சில நாளாவது செய்து பார்த்தோம், கொஞ்சம் படித்தும் பார்த்தோம். இதே கேள்வியோடு இருக்கிற வேறு வீடுகளுக்கு உதவலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இந்த ஊர் நிலவரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சென்னையில் இருக்கிற ஒருவருக்கு இதெல்லாம் ஒரு பிரச்சினையா என்று தோன்றும். சிங்கப்பூரில் தமிழுக்கு வெளியில் ஒரு குறையும் இல்லை. நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று, நாணயத்தில்கூட தமிழ் எழுத்து இருக்கிறது. 1935ல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசு நாளிதழ் இன்றும் வருகிறது. வசந்தம் தொலைக்காட்சி, ஒலி 96.8 வானொலி, ஏப்ரல் மாதம் முழுக்கத் தமிழ் மொழி விழா எல்லாம் உண்டு. ஆனால் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் ஆக அதிகமாகப் பேசுவது தமிழ் என்று சொன்னவர்கள் 2.5 விழுக்காடு. 2010ல் அது 3.3. அதே பத்து ஆண்டில் ஆங்கிலம் 32.3இலிருந்து 48.3க்குப் போயிருக்கிறது. உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982ல் மூடப்பட்டது, 1987க்குப் பிறகு எல்லாப் பள்ளியிலும் எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில்தான், தாய்மொழி ஒரு பாடம். அதனால் பிள்ளை தமிழில் சண்டை போடவும், பொய் சொல்லவும், கெஞ்சவும், கதை அளக்கவும் வீட்டைவிட்டால் வேறு இடம் கிடையாது.

முதலில் ஆங்கிலம் கலக்காத தமிழ். இதை முயன்று பார்க்கலாம் என்று சொன்னது நான்தான், எனக்கு அப்படி ஒரு வீராப்பு எப்போதாவது வரும். ஒரு பழைய மைலோ டப்பாவை எடுத்துவைத்தேன். வாயில் ஒரு ஆங்கில வார்த்தை வந்தால் பத்துக் காசு. மூன்றாவது நாள் எண்ணிப்பார்த்தால் டப்பாவில் ஏழு வெள்ளி சொச்சம், அதில் ஐந்துக்கு மேல் என்னுடையது. பெரியவள் முதல் நாள் முழுக்க வாயைத் திறக்கவில்லை. இரண்டாம் நாள் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாள்: வாக்கியம் முழுவதையும் ஆங்கிலத்திலேயே பேசினாள். டப்பாவை நீட்டினேன். நான் கலக்கவே இல்லையே, முழுக்க ஆங்கிலம்தானே பேசினேன், விதி கலப்புக்குத்தானே என்று ஆங்கிலத்தில் வாதாடினாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. கலந்து பேசினால் அபராதம் என்று ஒரு பிள்ளையிடம் சொன்னால், அது எந்த மொழி சுலபமோ அந்தப் பக்கம் முழுதாகப் போய்விடுகிறது. கலப்பில் இருந்த பாதித் தமிழும் அத்தோடு போய்விடுகிறது.

இதில் எங்களுக்கு இன்னொரு குழப்பமும் இருந்தது, பல வீடுகளில் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆங்கிலம் கலக்காமல் பேசுவது ஒன்று, புத்தகத் தமிழ் பேசுவது வேறொன்று. நான் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஃபிரிட்ஜைக் காட்டிக் "குளிர்பதனப் பெட்டியிலிருந்து பால் எடுத்து வா" என்றேன். சின்னவன் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. எங்கள் அம்மா, அவருடைய அம்மா, யாரும் அந்தப் பெட்டியை அப்படிக் கூப்பிட்டதில்லை. இங்கே செய்தியிலும் அறிவிப்புப் பலகையிலும் மின்தூக்கி, பெருவிரைவு ரயில், மத்திய சேம நிதி என்று நல்ல சொற்கள் புழங்குகின்றன, எனக்குப் பிடிக்கவும் செய்யும், பெரியவள் பள்ளியில் எழுதவும் எழுதுகிறாள். ஆனால் மூன்றரை வயதுப் பிள்ளைக்கு அது மூன்றாவது மொழி. வகுப்பறையிலேயே பேச்சுத் தமிழுக்கு இடம் கொடுக்கவேண்டும் என்று கல்வி அமைச்சின் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு 2005ல் சொன்னதற்கும் இதுதான் காரணம்: பிள்ளைகளுக்குத் தேவைப்படுவது பேசுகிற தமிழ், பாடமோ எழுதுகிற தமிழில் இருந்தது.

அப்புறம், எது தூய்மை என்று கோடு போடுவதும் சிரமம். சாவி, ஜன்னல், மேசை, அலமாரி நான்கும் போர்ச்சுக்கீசியர் விட்டுப்போனவை. அவற்றுக்கு யாரும் பத்துக் காசு கேட்பதில்லை. இந்தப் பக்கம் மலாய்க்காரர்கள் கடையை 'கெடாய்' என்றும் கப்பலை 'காப்பால்' என்றும் பெட்டியை 'பெத்தி' என்றும் எடுத்துக்கொண்டு எந்தக் கூச்சமும் இல்லாமல் பேசுகிறார்கள். எங்கள் வீட்டு டப்பா ஆறாவது நாள் அலமாரிக்கு மேலே போனது.

ஆனால் இந்த வழியை முழுக்கத் தள்ளிவிட முடியாதபடி ஒரு கணக்கு இருக்கிறது. பெல்ஜியத்தில் டச்சு பேசும் ஃபிளாண்டர்ஸ் பகுதியில், வீட்டில் வேறொரு மொழியும் இருக்கிற ஏறக்குறைய 1,900 குடும்பங்களை வைத்து அனிக் டி ஹௌவர் என்ற மொழியியலாளர் ஓர் ஆய்வு செய்தார், 2007ல் வெளிவந்தது. அப்பா அம்மா இரண்டு பேரும் வீட்டில் சிறுபான்மை மொழி மட்டும் பேசிய குடும்பங்களில் 97 விழுக்காட்டில் பிள்ளைகளும் அதைப் பேசினார்கள். இரண்டு பேரும் இரண்டு மொழியையும் பேசிய குடும்பங்களில் அது 79. ஆளுக்கொரு மொழி என்று பிரித்துக்கொண்ட குடும்பங்களில் 74. ஒருவர் இரண்டையும் பேசி மற்றவர் டச்சு மட்டும் பேசினால் 36க்கு விழுந்துவிடுகிறது. பெல்ஜியம் வேறு, சிங்கப்பூர் வேறு, அங்கே அந்த மொழிகளுக்குப் பள்ளியில் பாடவேளைகூட இருந்திருக்காது. இருந்தாலும் இந்த எண்கள் எனக்கு இரண்டு விஷயத்தில் உதவின. ஒன்று, பெற்றோர் இருவரும் தமிழ்ப் பக்கம் நிற்பதற்கு ஈடு எதுவும் இல்லை. இரண்டு, அந்த ஆய்வு எந்த மொழியில் பேசுகிறீர்கள் என்றுதான் கேட்டது, அதில் எத்தனை கடன்சொல் என்று எண்ணவில்லை. ஃபிரிட்ஜை ஃபிரிட்ஜ் என்று சொல்லிக்கொண்டே தமிழ் மட்டும் பேசுகிற வீடாக நாங்கள் இருக்கலாம். எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது.

இரண்டாவது வழி, வருகிறபடி கலப்பது. பெரியவளுக்கு நாங்கள் தெரியாமலே செய்தது இதுதான். இதற்கும் நல்ல வக்கீல்கள் இருக்கிறார்கள். ஷானா போப்லாக் 1980ல் நியூயார்க்கில் வாழும் புவேர்ட்டோ ரிக்கோக்காரர்களின் ஸ்பானிய-ஆங்கிலக் கலப்பை ஆராய்ந்து, வாக்கியத்துக்கு நடுவிலேயே மொழி மாறுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டையும் நன்றாகத் தெரிந்தவர்கள் என்று காட்டினார். ஒரு மொழியில் தடுமாறுகிறவர்கள் வாக்கியத்தின் ஓரத்தில் ஒரு 'யூ நோ'வை ஒட்டிக்கொள்வதோடு சரி. அதாவது கலப்பது சோம்பல் இல்லை, ஒருவகைத் திறமை. படித்ததும் எனக்குக் கொஞ்ச நாள் தலை நிமிர்ந்திருந்தது. மனைவிதான் இறக்கிவிட்டாள்: "அது உங்களுக்குச் சரி. உங்களுக்கு ரெண்டும் தெரியும். அவனுக்கு என்ன தெரியும்?"

அவள் கேட்டதற்குப் பதில் என் அப்பாவிடம் கிடைத்தது. அப்பா அறுபதுகளில் தமிழ்வழிப் பள்ளியில் படித்தவர், ஆனால் அவர் பேசுவது தூய தமிழ் கிடையாது, பக்கத்திலேயே வராது. ஒருநாள் தன் தம்பியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார்: "பாசாருக்குப் போனேன், மீன் வெலை ஏறிக் கெடக்கு, ரெண்டு கிலோ எறா வாங்கி ஃபிரிட்ஜுல போட்டிருக்கேன், லிஃப்ட் வேற ரிப்பேரு, பத்து மாடி ஏறி மூச்சு வாங்குது." பாசார், கிலோ, ஃபிரிட்ஜ், லிஃப்ட், ரிப்பேர் என்று மலாயும் ஆங்கிலமுமாக ஐந்து வெளிச்சொல். அன்று மாலை பெரியவள் சொன்னது: "தாத்தா, ஐ டோன்ட் வான்ட் இட்லி, ஐ வான்ட் தோசை வித் சட்னி." தாத்தா, இட்லி, தோசை, சட்னி என்று நான்கு தமிழ்ச்சொல். இரண்டு பேரும் கலக்கிறார்கள். ஆனால் அப்பாவிடம் போனேன், ஏறி, வாங்கி, போட்டிருக்கேன் என்று வாக்கியத்தைத் தூக்கி நிறுத்துகிற அத்தனையும் தமிழ். பேத்தியிடம் தூக்கி நிறுத்துவதெல்லாம் ஆங்கிலம், தமிழ் தட்டில் வைத்த பலகாரம் மாதிரி நடுவில் உட்கார்ந்திருக்கிறது.

இதை மொழியியலில் எப்போதோ பேசிவிட்டார்கள். நைரோபியில் சுவாஹிலியும் ஆங்கிலமும் கலப்பதை வைத்துக் கரோல் மையர்ஸ்-ஸ்காட்டன் 1993ல் சொன்னது: கலந்து பேசும்போது ஒரு மொழி வாக்கியத்துக்குச் சட்டகம் போட்டுக் கொடுக்கும், இன்னொன்று அதற்குள் சொற்களைச் செருகும். என் கேள்வி அதற்கப்புறம் மாறிவிட்டது. எத்தனை ஆங்கிலச் சொல் என்று எண்ணுவதை விட்டுவிட்டு, எந்த இடத்தில் வருகிறது என்று கேட்க ஆரம்பித்தேன்.

பெயர்ச்சொல் வருவதில் தமிழுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. பஸ்ஸுல, ஃபிரிட்ஜுக்குள்ள, டீச்சரோட என்று நம் வேற்றுமை உருபு எதன்மேலும் ஏறிக்கொள்ளும். வினைச்சொல் கதை வேறு. ஆங்கில வினை நம் விகுதியை நேராக வாங்காது, அதனால் 'பண்ணு' என்று ஓர் ஆளை வேலைக்கு வைக்கிறோம். குக் பண்ணு, வாஷ் பண்ணு, டிரைவ் பண்ணு, யூஸ் பண்ணு. சௌகரியமான ஆள், எந்த வேலைக்கும் வருவார். ஆனால் அவர் உள்ளே வந்தால் பத்துப் பேர் வெளியே போகிறார்கள். என் அம்மா வெங்காயத்தை நறுக்குவார், கீரையை அரிவார், கொத்தமல்லியைக் கிள்ளுவார், மாங்காயைச் சீவுவார், தேங்காயைத் துருவுவார், முருங்கைக்காயை வெட்டுவார். நான் எல்லாவற்றையும் கட் பண்ணுகிறேன், தேங்காயை மட்டும் பாக்கெட்டில் வாங்குகிறேன். கடுகு தாளிப்பது, வெங்காயம் வதக்குவது, ரவை வறுப்பது, அப்பளம் பொரிப்பது, கத்தரிக்காய் சுடுவது இத்தனையும் பெரியவளுக்கு ஃப்ரை பண்ணுவது. சுடுவதுகூட! ஒரு நாள் அடுப்பில் நேராக வைத்துச் சுட்ட கத்தரிக்காயைக் காட்டி, பாட்டி எண்ணெயே இல்லாமல் ஃப்ரை பண்ணுகிறார் என்று ஆச்சரியப்பட்டாள்.

வினை போனால் அதன் குடும்பமும் போகிறது. 'சமை' காதில் விழுந்தால் சமையல், சமைக்காத, சமைச்சிட்டு, சமைச்சா, சமைக்கச் சொன்னாங்க என்று தானாக விளைந்துகொண்டே போகும். 'குக் பண்ணு' என்று கேட்ட பிள்ளை விகுதிகளை எல்லாம் 'பண்ணு'வில் மட்டும்தான் போட்டுப் பழகுகிறது. பெரியவளைப் 'பண்ணு' இல்லாத ஒரு வினையை இறந்தகாலத்தில் சொல்லச் சொன்னால், நட - நடந்தேன் வருகிறது, சுடு - சுட்டேனா சுடினேனா என்று முழிக்கிறாள்.

வினையோடு இன்னும் சிலதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஆனா, அதனால, ஏன்னா, அப்புறம் போன்ற இணைப்புச் சொற்கள். அந்த இடத்தில் பட், ஸோ, பிகாஸ் வந்தால் அடுத்த வாக்கியம் ஆங்கிலத்திலேயே இறங்கிவிடுகிறது, என் வாயிலேயே இதைக் கவனித்திருக்கிறேன். பசி, வலி, பிடிக்கும் மாதிரி 'எனக்கு' என்று ஆரம்பிக்கிறவை: ஆங்கிலச் சட்டகத்தில் யோசிக்கிற பிள்ளை "நான் பசி" என்கிறது. அழகாகத்தான் இருக்கும், நாமும் சிரிப்போம், சரி. உறவுமுறை: அத்தை, சித்தி, பெரியம்மா, மாமி எல்லாரும் ஆன்ட்டி ஆகி, கீழ்த்தளத்துக் கோப்பிக்கடைக்காரரும் சொந்தத் தாய்மாமனும் ஒரே அங்கிள் ஆகிவிட்டார்கள். அதோடு நீ, நீங்க என்ற வித்தியாசமும் போகிறது. பெரியவள் எப்போதாவது தமிழில் பேசினால் தாத்தாவை "நீ வா" என்கிறாள், மரியாதைக் குறைவு என்று அவளுக்குத் தெரியவே தெரியாது.

சென்னைக்காரர்களும் இப்படித்தானே பேசுகிறார்கள், அங்கே தமிழ் செத்தா போய்விட்டது என்று ஒரு நண்பர் கேட்டார். கேட்கவேண்டிய கேள்விதான். சொல்லப்போனால் அங்கிருந்து வரும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் இருக்கிற கலப்பு எங்கள் வீட்டைவிட அதிகம். ஆனால் அங்கே அம்மா 'கட் பண்ணு' என்று சொன்னாலும், காய்கறிக்காரர், ஆட்டோக்காரர், பக்கத்து வீட்டுப் பாட்டி, பள்ளிக்கூடத்துப் பையன்கள் யாராவது ஒருவர் வெட்டு, நறுக்கு, சீவு என்று சொல்லிவிடுவார்கள். வீட்டில் விட்டது தெருவில் கிடைத்துவிடும். ஈசூனில் கீழே இறங்கினால் சீனமும் மலாயும் சிங்கப்பூர் ஆங்கிலமும்தான். நான் 'நறுக்கு' என்று சொல்லாவிட்டால் சின்னவன் அதைக் கேட்கப் போகிற இடம் பாட்டி வீடு ஒன்றுதான், பாட்டிக்கும் எழுபதைத் தாண்டிவிட்டது.

ஆளுக்கொரு மொழி வழிக்கு நீளமான வரலாறு உண்டு. பிரெஞ்சுக்காரரான ஜூல் ரோஞ்சா ஜெர்மன் மனைவியோடு சேர்ந்து தன் மகனை அப்படி வளர்த்து 1913ல் அதைப் பற்றி எழுதினார், இன்றும் பலர் சொல்கிற யோசனை அதுதான். எங்களுக்கு இது ஒட்டவில்லை. ரோஞ்சா வீட்டில் இரண்டு மொழிக்கும் ஆள் தேவைப்பட்டது, எங்கள் வீட்டில் ஆங்கிலத்துக்கு எதற்கு நான் வக்கீலாக வேண்டும்? அது வாசலில் காத்துக்கொண்டிருக்கிறது. மூன்று வாரம் நான் ஆங்கிலம், அவள் தமிழ் என்று செய்து பார்த்ததில், சாப்பாட்டு மேசையில் நாலு பேரும் சேர்ந்து பேசும்போது என்ன மொழி என்பதே ஒவ்வொரு நாளும் தகராறு, பெரும்பாலும் ஆங்கிலம் ஜெயித்தது. ஒருவருக்குத் தமிழ் தெரியாத வீடு என்றால் மட்டும் இதுதான் வழி, அப்போது தமிழ் தெரிந்தவர் கலக்காமல் உறுதியாக நிற்கவேண்டும். மேலே சொன்ன 36 விழுக்காடு அந்த உறுதி இல்லாத வீடுகளுடையது.

இடத்துக்கொரு மொழி, பெரியவளிடம் ஓரளவு வேலை செய்தது. பாட்டி வீட்டுப் படியேறினால் தமிழ், இரவுச் சாப்பாட்டில் தமிழ் என்று சொன்னோம். எல்லை தெளிவாக இருந்ததால் அவளுக்கு எரிச்சல் இல்லை, அரைமணி நேரம்தானே என்று பொறுத்துக்கொண்டாள். ஆனால் சாப்பாட்டு மேசையில் பேசுவதெல்லாம் சாப்பாடு. அவளுடைய நிஜமான வாழ்க்கை, வலைப்பந்துக் குழு, யார் யாரோடு பேசவில்லை, கணக்குப் பரீட்சை எல்லாம் அந்த அரைமணிக்கு வெளியே ஆங்கிலத்தில் நடக்கிறது. தமிழ் என்பது இட்லி சம்பந்தப்பட்ட மொழி என்று ஆகிவிடுமோ என்று பயமாக இருந்தது. பத்து வயதுக்கு மேல் ஆன, ஏற்கெனவே ஆங்கிலத்துக்குப் போய்விட்ட பிள்ளைக்கு இது பரவாயில்லை. வளர்கிற வாய்க்குப் போதாது. துணைப்பாட வகுப்பைப் பற்றிக் கேட்பீர்கள், அது பரீட்சைக்கு, இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை.

இத்தனைக்கும் பிறகு சின்னவனுக்கு நாங்கள் எடுத்த முடிவு, முதல் வழிக்கும் இரண்டாவதற்கும் நடுவில் ஒன்று. பெற்றோர் இருவரும் தமிழ் மட்டும். பெயர்ச்சொல் எந்த ஊரிலிருந்து வந்தாலும் வரட்டும்: லிஃப்ட், ஃபிரிட்ஜ், பஸ், ஸ்கூல், ஐபேட், பாசார், கோப்பி, கேள்வியே இல்லை. வினை, இணைப்புச் சொல், உறவுமுறை, உடம்பிலும் மனசிலும் நடப்பது, இருபது வரைக்குமாவது எண் இவை தமிழில். 'பண்ணு' கல்யாணம் பண்ணுவதற்கும் வேறு வார்த்தையே இல்லாத சிலவற்றுக்கும் மட்டும். இந்த விதி எங்களுக்கு, அவனுக்கு இல்லை. அவன் எப்படிப் பேசினாலும் திருத்துவது கிடையாது.

திருத்தாமல் என்ன செய்வது என்பதற்கு நார்வேயில் எலிசபெத் லான்சா செய்த வேலை உதவியது. ஆங்கிலம் பேசும் தாயும் நார்வேஜிய மொழி பேசும் தந்தையும் உள்ள வீடுகளில், பிள்ளை 'தப்பான' மொழியில் பேசினால் பெற்றோர் என்ன செய்கிறார்கள் என்று அவர் கவனித்தார். புரியாத மாதிரி இருப்பது ஒரு முனை, தாங்களும் அந்த மொழிக்கே மாறிவிடுவது மறு முனை. நடுவில், இதைத்தான் சொல்கிறாயா என்று சரியான மொழியில் கேட்பது, சும்மா திருப்பிச் சொல்வது, கண்டுகொள்ளாமல் பேச்சைத் தொடர்வது என்று மூன்று. புரியாத மாதிரி நடிப்பது என்னால் முடியாது, நான் அலுவலகத்தோடு ஆங்கிலத்தில் மல்லுக்கட்டுவதை அவன் தினமும் கேட்கிறான். நடுவில் இருப்பவை முடியும். "டீச்சர் ஸ்கோல்டட் மீ" என்று வருவான். "திட்டினாங்களா? ஏன் திட்டினாங்க? ரொம்பத் திட்டினாங்களா?" என்று நான் மூன்று தரம் திட்டிவிடுவேன். நாலாவது நாள் "இன்னிக்குத் திட்டல" என்று வந்தான்.

கஷ்டம் அவன் பக்கம் இல்லை, என் பக்கம்தான். என் தலைக்குள் வினைகள் துருப்பிடித்துக் கிடக்கின்றன. 'ட்ரை பண்ணு'வுக்கு முயற்சி செய் என்று சொன்னால் மேடைப்பேச்சு மாதிரி இருக்கிறது, "செஞ்சு பாரு" என்று அப்பா சொல்வதைக் கேட்டபிறகுதான் நினைவு வந்தது. 'செக் பண்ணு' என்றால் பாரு, சரியா இருக்கான்னு பாரு, அவ்வளவுதான். 'மிஸ் பண்றேன்' என்பதற்குக் கும்பகோணத்துக்கு அழைக்கும்போது மனைவி சொல்வது "உங்க நெனப்பாவே இருக்கு." 'யூஸ் பண்ணு'வுக்குத்தான் இன்னும் அல்லாடுகிறேன். பயன்படுத்து என்பது நீளம், பேச்சில் நிற்காது. அப்பாவைக் கேட்டேன். எதற்கு அப்படி ஒரு வார்த்தை, கத்தியால வெட்டு, சோப்புப் போட்டுக் குளி, பேனாவுல எழுது, என்ன செய்யறியோ அதைச் சொல்லு என்றார். நான் யோசித்துப் பார்த்த வரைக்கும் அவர் வீட்டுக்குள் அந்த வார்த்தையே தேவைப்பட்டதில்லை.

இந்த வழியில் பள்ளிக்கூடத்து வாய்மொழித் தேர்வுக்குத் தனியாகத் தயார் செய்யவேண்டியிருக்கும், மின்தூக்கி என்று சொல்லவேண்டிய இடத்தில் லிஃப்ட் என்று சொல்வான். அதைப் பெரிய பாடாக நான் நினைக்கவில்லை. வாக்கியம் கையில் இருக்கிற பிள்ளை ஒரு பெயரை மாற்றிப் போட ஒரு மத்தியானம் போதும், நாற்பது பெயர்ச்சொல் மனப்பாடம் செய்த பிள்ளையால் அவற்றை வைத்து வாக்கியம் கட்ட முடியவில்லை என்பதைப் பெரியவளிடம் பார்த்துவிட்டேன். தமிழ்நாட்டிலிருந்து வந்து இரண்டு மூன்று வருடமே ஆன வீடுகளுக்கு இது இன்னும் சுலபம், வினைகள் வாயில் சூடாக இருக்கும், கொஞ்சம் கவனித்தால் போதும். பெற்றோர் இருவரும் என்னைப் போல இங்கேயே படித்தவர்கள் என்றால் முதல் இரண்டு மாதம் நாக்கு பின்னிக்கொள்ளும், தாத்தா பாட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று மாதம் ஆகிறது. பெரியவளிடம் நாங்கள் எதையும் கேட்கவில்லை, அவள் பாட்டுக்கு இருக்கிறாள், இன்னும் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்கிறாள். போன வாரம் அலமாரிக்கு மேலிருந்து அந்த மைலோ டப்பாவை அவளாகவே நாற்காலி போட்டு ஏறி எடுத்தாள். இந்த முறை விதி பெரியவர்களுக்கு மட்டும், அதுவும் 'பண்ணு'வுக்கு மட்டும், வசூல் அவளுக்கு. அடுத்த அறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பாள், நான் சமையலறையில் சின்னவனிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருப்பேன், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும்: "அப்பா, செக் பண்ணு. டென் சென்ட்ஸ்."